தவறான எண்ணும் நீர்க்கடுப்பும்

14 ஏப்ரல் 1998, செவ்வாய்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி செய்தேன்; வேப்பம்பூ சேர்க்க மறந்துவிட்டேன். கசப்பில்லாமல் ஆண்டு தொடங்கிவிட்டதே என்று வருந்த வேண்டியிருக்கவில்லை. கசப்பு காலையிலேயே வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டதுபோல. கடைசித் துளிகளில் எரிச்சல் வலியாகவே மாறிற்று. எழுபத்தொரு வயதில் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. இந்த வயதில் அது கற்றுக்கொள்பவை எல்லாம் இப்படிப்பட்டவைதாம்.

பத்தே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. தவறான எண். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன்.

16 ஏப்ரல், வியாழன்

முப்பிடாதி கண்டுபிடித்துவிட்டாள். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, சமையலுக்கும் கைகொடுப்பவள். நான் புறவாசலிலிருந்து திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே, "சூடு பிடிச்சிருக்கு டீச்சரம்மா, நீர்க்கடுப்பு" என்றாள்.

பாளையங்கோட்டையில் மனித உபாதைகளுக்கு இரண்டே காரணங்கள்: ஒன்று சூடு, மற்றது வாயு. சித்திரை மாதத்தில் வாயுவுக்கு வாய்ப்பில்லை. முப்பத்தோராண்டு தவளையின் வயிற்றைக் கிழித்து, இதோ சிறுநீர்ப்பை, இதோ அதன் குழாய் என்று வகுப்பில் காட்டி வந்த என் கால் பெருவிரல் நகங்களில் அவள் சுண்ணாம்பைத் தடவினாள். தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டாள். ஊறவைத்த வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்கச் செய்தாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எதனால் வந்தது என்று துருவிக்கொண்டே இருந்திருப்பாள்.

மாலையில் எரிச்சல் சற்றுக் குறைந்தது. மோரின் வழியே உள்ளே போன இரண்டு தம்ளர் நீர்தான் காரணம். கால் நகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே எந்தக் குழாயும் கிடையாது. ஆயினும் குறைந்தது என்பதை நேர்மையின் பொருட்டுக் குறித்துவைக்கிறேன்.

18 ஏப்ரல், சனி

பதினொன்று ஐந்துக்குத் தவறான எண். மறுமுனையில் பேச்சில்லை, மூச்சு மட்டுமே. நான்கு நிமிடங்கள். முருங்கை காய்த்திருப்பதையும், அதில் கம்பளிப்பூச்சி ஏறியிருப்பதையும், எதிர்வீட்டார் சுவருக்கு ஊதா நிறம் அடித்திருப்பதையும் சொன்னேன். தவறான எண்ணை அழைத்தவருக்கு இச்செய்திகளால் என்ன பயன் என்று தெரியவில்லை.

எரிச்சல் திரும்பிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே போகவேண்டும்போலிருக்கிறது. போனால் அரைக் கரண்டிதான் வருகிறது.

20 ஏப்ரல், திங்கள்

இந்த வீட்டின் அமைப்பைப் பற்றி எழுதவேண்டும். தொலைபேசி முன்னறையில் இருக்கிறது. கழிவறை புறவாசலில், கிணற்றைத் தாண்டி. இடையே முப்பத்து நான்கு அடிகள். என் முழங்காலுக்கு அது போக இரண்டு நிமிடம், வர மூன்று நிமிடம். தொலைபேசி எட்டு முறை அடித்து நின்றுவிடும். ஆகவே பத்து மணிமுதல் பன்னிரண்டுவரை நான் முன்னறையில் அமர்ந்துகொள்கிறேன். அங்கேதான் காற்று வருகிறது.

காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுகிறேன். இதை யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கல்லூரியில் எங்களுக்கென்று இருந்த ஒரே கழிவறை மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அதற்குப் போய்வரும் நேரத்தில் ஒரு பாடவேளை முடிந்துவிடும். எங்கள் தலைமுறை ஆசிரியைகள் பட்டம் பெற்றது ஒரு பாடத்தில், தேர்ச்சி பெற்றது தாகத்தில். காலைக் காப்பிக்குப் பிறகு மாலை நாலரை வரை ஒரு மிடறு நீர் இல்லாமல் குரலெழுப்பிப் பாடம் நடத்தினோம். அடக்கம் என்ற சொல்லை எங்களைப்போல் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர் யாருமில்லை.

'எங்கள்' என்று எழுதிவிட்டேன். விளக்கவேண்டும். இந்த வீட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருவர் இருந்தோம். தயாமணி கணிதத் துறை, நான் விலங்கியல். கடந்த நவம்பரில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலக் கையும் வலக் காலும் தளர்ந்தன. பேச்சு அடியோடு போயிற்று. ஜனவரியில் அவளுடைய அண்ணன் மகன் எட்வின் வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனான். முறையான ஏற்பாடு. பிப்ரவரியில் இருமுறை அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். எட்வினின் மனைவி லில்லி, அத்தைக்குத்தான் பேச வராதே, எதற்கு வீண் சிரமம் என்று மரியாதையாகவே சொன்னாள். பேசுவது யார் என்று கேட்டாள். கூட வேலை பார்த்தவள் என்றேன். மூன்றாம் முறை பேசவில்லை.

மார்ச் மாதத்திலிருந்து தவறான எண்கள் வருகின்றன. ஞாயிறுகளில் வருவதில்லை.

22 ஏப்ரல், புதன்

சிறுநீரில் இலேசாக இரத்தம். சுண்ணாம்பின் ஆட்சி முடிந்தது. டாக்டர் செய்யதலி பாத்திமாவிடம் போனேன். முப்பது வயதுதான் இருக்கும்; கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்கிறாள். இந்த ஊரில் அது அரிது. பிறர் 'யூரின்' என்ற சொல்லைக்கூட மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

சிறு புட்டி ஒன்றைத் தந்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துத் தரச் சொன்னாள். நம்முடைய குடலில் குற்றமின்றி வாழும் கிருமிதான் வழிதவறி அங்கே ஏறிவிடுகிறது என்றாள். பெண்ணுக்கு அந்தக் குழாய் நீளம் குறைவு. மாதவிலக்கு நின்றபின் உட்தோல் மெலிந்து காப்புக் குறைகிறது. நீர் குறைவாகக் குடித்தால் கிருமியை அடித்துக்கொண்டு போக வெள்ளமில்லை. அடக்கிவைத்தாலோ அது தேங்கிய குட்டையில் முட்டையிட்ட கொசுவாகப் பெருகுகிறது. கல்லாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம், பார்த்துவிடுவோம் என்றாள். பாடம் நடத்தத் தெரிந்தவள்.

"மேடம், யூரினை அடக்கி வைப்பீங்களா?"

"இல்லை."

"தண்ணி?"

"குடிப்பேன்."

இரண்டு கேள்வி, இரண்டு பொய். தேர்வுத்தாளில் என் மாணவிகள் இதைவிட நேர்மையாக இருந்தார்கள்.

25 ஏப்ரல், சனி

சர்க்கரை இல்லை. கல் இல்லை. கிருமி உண்டு. ஏழு நாளைக்கு மாத்திரை. வலி நின்றாலும் இடையில் நிறுத்தக்கூடாது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். இரண்டு மூன்று மணிக்கொருமுறை, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் போய்விட வேண்டும். பார்லிக் கஞ்சி குடிக்கலாம், தடையில்லை. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. கழுவும்போது முன்னிருந்து பின்னாக. எழுபத்தொரு வயதுக்காரிக்குக் கழுவக் கற்றுக்கொடுக்கத் துணிவு வேண்டும். அந்தப் பெண்ணிடம் அது இருக்கிறது.

முப்பிடாதி மாத்திரையைப் பார்த்துவிட்டு, இது இன்னும் சூடு என்றாள்.

27 ஏப்ரல், திங்கள்

மருத்துவர் சொன்னபடி காலையில் நான்கு தம்ளர் தண்ணீர் குடித்தேன். பத்து இருபதுக்குப் புறவாசலில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. எண்ணினேன். கிணற்றருகே வருகையில் ஐந்து. சமையலறை வாசலில் எட்டு. கையில் எடுத்தபோது வெறும் ரீங்காரம். பன்னிரண்டுவரை அமர்ந்திருந்தேன். மீண்டும் அடிக்கவில்லை.

நாளைமுதல் தண்ணீர் பன்னிரண்டுக்குப் பிறகு. இரண்டரை லிட்டரை அரை நாளில் குடித்துத் தீர்ப்பது கணக்குப்படி சரிதான்.

28 ஏப்ரல், செவ்வாய்

பத்து ஐம்பதுக்கு. ஆறு நிமிடங்கள். மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. அடுப்பை அணைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து விசில் நின்றது.

தவறான எண்தான். ஆனால் சொன்னதைக் கேட்கிறது.

2 மே, சனி

மாத்திரைகள் முடிந்தன. ஏழு நாளும் ஒழுங்காக விழுங்கினேன். எரிச்சல் போய்விட்டது என்று எழுத விரும்புகிறேன்.

7 மே, வியாழன். மருத்துவமனை

நான்காம் தேதி, அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று, எனக்குக் குளிரெடுத்தது. மேலப்பாளையம் சாலையில் தார் உருகிய நாளில் இரண்டு கம்பளிக்குள் பற்கள் அடித்துக்கொண்டன. இடது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையால் இடிப்பதுபோல் வலி. கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. முப்பிடாதி ஆட்டோ பிடித்துவந்து ஏற்றினாள்.

சேர்க்கைப் படிவம் நிரப்பிய இளைஞர் தலைநிமிராமல், கூட வந்திருக்கிறவங்க பேஷண்டுக்கு என்ன வேணும் என்றார். தங்கச்சி என்றாள் முப்பிடாதி. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். திருத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பற்கள் இடம் தரவில்லை.

ஊசிவழி மருந்து ஏறுகிறது. கையெழுத்து சரியில்லை. மணி பதினொன்று.

8 மே, வெள்ளி

முப்பிடாதியைக் கடிந்துகொண்டேன். பொய் ஆவணத்தில் ஏறிவிட்டது என்றேன். அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே பேசினாள். அந்தப் பேச்சை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"பொய்யா? பின்ன என்னன்னு சொல்ல? வீட்டு வேலைக்காரின்னா அந்தத் தம்பி என்னை வெளிய நிறுத்திருப்பாரு. தங்கச்சின்னதும் நாற்காலி போட்டாருல்லா."

"அதற்காக?"

"அன்னைக்கு தயா டீச்சரைக் கொண்டுவந்து சேத்தப்பவும் இப்படித்தான கேட்டாவ. நீங்க என்ன எழுதுனிய?"

"தோழி என்று எழுதினேன்."

"அதான். தூக்கிக் குடுத்துட்டிய."

ஆரஞ்சுச் சுளையை என் வாயில் வைத்துவிட்டு அவள் குப்பையைக் கொட்டப் போய்விட்டாள்.

நவம்பரில் நடந்தது இதுதான். உறவுமுறை என்ற கட்டத்தில் 'தோழி' என்று எழுதினேன். அது சரியான சொல். அங்கிருந்த பெண், தோழி கையெழுத்துப் போட்டால் செல்லாது, சொந்தக்காரங்க யாராவது வேண்டும் என்றாள். நான் பையிலிருந்து முகவரிப் புத்தகத்தை எடுத்து எட்வினின் எண்ணை என் வாயாலேயே படித்துக் காட்டினேன். இந்த ஊரில் பேருந்தில் இடம் பிடிப்பவள் அக்கா, காய் நிறுப்பவள் தங்கச்சி. அறுபத்தொன்பது வயதுக்காரியை எழுபத்தொரு வயதுக்காரி தங்கை என்று சொன்னால் யார் பிறப்புச் சான்றிதழ் கேட்கப் போகிறார்கள்? எனக்குத் தோன்றவேயில்லை. பொருள் பிழையின்றி எழுதிப் பழகிவிட்டேன்.

ஜனவரியில் எட்வின் கார் கொண்டுவந்தபோதும், நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுடைய மாத்திரைகளை நேரம் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவள் காரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வராதவள் என்ன சொல்வாள்? பேச்சு வருபவள் என்ன சொன்னாள்?

9 மே, சனி

முப்பிடாதி நேற்று எனக்கு மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள். பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்திருக்கிறது. எடுத்துப் பேசியிருக்கிறாள். இதை இன்று, கஞ்சியை ஆற்றிக்கொண்டு, வானிலை அறிக்கைபோல் சொன்னாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். டீச்சரம்மா ஆஸ்பத்திரில கிடக்காவ, உங்க போனு வரும் வரும்னு ஒண்ணுக்குக்கூட போவாம உக்காந்து உக்காந்து, இப்பம் நீர்க்கடுப்பு முத்தி காய்ச்சலாயிட்டுன்னு."

"யாரிடம் சொன்னாய்? அது தவறான எண்."

"ஆமா, தவறான நம்பரு. பத்தொம்பது வருசம் சோறு போட்டிருக்கேன், அவிய மூச்சு எனக்குத் தெரியாதாக்கும்."

அந்தப் பக்கம் என்ன என்று கேட்டேன். ஏதோ ஒரு சத்தம் வந்தது, அழுகையா ஏச்சா என்று சொல்ல முடியவில்லை, பிறகு வைத்துவிட்டார்கள் என்றாள். ஏச்சாகத்தான் இருக்கும். தயாமணி அழுது நான் கேட்டதில்லை.

12 மே, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்முன் டாக்டர் பாத்திமாவிடம் இரண்டு பொய்களையும் திருத்தினேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும் அடைத்த ஓடையில் அது வேலை செய்யாது என்றாள். பிறகு, "போன் வயரை நீட்டிக்கலாமே மேடம்" என்றாள்.

விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவளுக்கு இது தோன்றவில்லை.

14 மே, வியாழன்

தொலைபேசித் துறையிலிருந்து ஆள் வந்து கம்பியை நீட்டித் தந்தார். கருவி இப்போது புறவாசல் கதவருகே முக்காலியில் இருக்கிறது. கழிவறையிலிருந்து ஒன்பது அடிகள். எதற்காக இங்கே என்று அவர் கேட்டார். மருத்துவர் எழுதித் தந்த மருந்து என்றேன்.

காலையில் மூன்று தம்ளர் தண்ணீர். மூன்று முறை போனேன்.

அடிக்கவில்லை.

15 மே, வெள்ளி

அடிக்கவில்லை.

16 மே, சனி

அடிக்கவில்லை. கருவி பழுதோ என்று எதிர்வீட்டு ஊதாச் சுவர்க்காரரை அழைத்துப் பேசச் சொன்னேன். மணி தெளிவாகக் கேட்டது. அவர் ஏதேதோ நலம் விசாரித்தார்.

20 மே, புதன்

டாக்டர் பாத்திமாவிடம் மறுபரிசோதனை. கிருமி இல்லை. எரிச்சல் இல்லை. கண்ணாடிபோலப் போகிறது. உலக மருத்துவ வரலாற்றில் நலமடைந்ததற்காக இவ்வளவு எரிச்சலுற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

23 மே, சனி

பதினைந்து நாட்கள். இரண்டு விளக்கங்களே உண்டு. ஒன்று, அவள் இல்லை. அப்படியானால் எட்வின் தகவல் தந்திருக்க வேண்டும். ஆனால் கூட வேலை பார்த்தவளுக்கு யார் தகவல் தருகிறார்கள்? மற்றொன்று, அவள் இருக்கிறாள். முப்பிடாதி சொன்னதைக் கேட்டுவிட்டு, நான் எழுந்து போகட்டும் என்பதற்காக அழைக்காமல் இருக்கிறாள். முப்பத்தெட்டாண்டுகளில் அவள் எடுத்த முடிவெதையும் நான் மாற்றியதில்லை.

இரண்டில் எது என்று இங்கே முக்காலியருகே உட்கார்ந்து அறிய முடியாது. காலையில் அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய கற்களை அரிசியில் போட்டுவிட்டேன்.

25 மே, திங்கள்

டாக்டர் பாத்திமாவிடம் பயணத்துக்கு அனுமதி கேட்டேன். எத்தனை மணி நேரம் என்றாள். பத்து. பேருந்தில் அடக்கிக்கொண்டு உட்காரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்வாள்போலப் பார்த்தாள். நான் வாய்மொழியாகவே வாக்களித்தேன்.

26 மே, செவ்வாய். கோயம்புத்தூர்

காலை ஆறு மணிப் பேருந்து. மூன்று புட்டித் தண்ணீர். என் வாழ்நாளில் முதல்முறையாகப் பயணத்தில் தண்ணீர் குடித்தேன். கோவில்பட்டி, மதுரை, திண்டுக்கல், தாராபுரம் என ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கினேன். அவ்விடங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. மூக்கு உள்ளவர்கள் அறிவார்கள். திண்டுக்கல்லில் நடத்துனர் வண்டியைக் கிளப்ப விசிலை வாயில் வைத்துவிட்டார். பாட்டிம்மா, ஒரு தடவ போனீங்கள்ல என்றார். மறுபடியும் போவேன் என்றேன். வண்டியிலிருந்த நான்கு பெண்கள் உடனே எழுந்து என் பின்னால் இறங்கினார்கள். யாராவது முதலில் இறங்குவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

நான்கு மணிக்கு எட்வின் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது லில்லி. என்னை அவள் பார்த்ததில்லை.

"நீங்க?"

"தயாமணியின் அக்கா."

"அத்தைக்கு அக்கா யாரும் கிடையாதே."

"இருக்கிறேன்" என்றேன்.

அவள் வழிவிட்டாள்.

தயாமணி கூடத்து மூலையில் நாற்காலியில் இருந்தாள். முதல் விளக்கம் பொய் என்று அறிந்தேன். பேனாவைக் கீழே வைத்து மறுபடி எடுத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. மெலிந்திருக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம். உடம்பு தேறாமல் ஏன் கிளம்பினாய் என்ற கோபம். அவள் கோபங்களைத் தரம் பிரிக்க எனக்குப் பேச்சு தேவையில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கால்மணி நேரம் கழித்து இடக் கையை என் முழங்காலில் வைத்தாள், வலிக்கிற முழங்காலாகப் பார்த்து.

27 மே, புதன்

இவர்கள் கெட்டவர்கள் அல்லர். அதை முதலில் எழுதிவிடுகிறேன். லில்லி மூன்று வேளையும் சூடாகக் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், குறை சொல்வதில்லை. பத்திலிருந்து பன்னிரண்டுவரை அடுத்த தெருவில் தையல் வகுப்பு நடத்துகிறாள், ஞாயிறு தவிர. அத்தையால் தொந்தரவே கிடையாது என்று பெருமையாகச் சொன்னாள். தண்ணீர்கூட அதிகம் கேட்பதில்லையாம். காலையில் ஒரு தடவை, படுக்கப்போகும்போது ஒரு தடவை, அவ்வளவுதான் பாத்ரூமாம்.

நான் தயாமணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

பத்து மணிக்கு லில்லி கிளம்பினாள். எட்வின் மில்லுக்குப் போயாயிற்று. கல்லூரியில் படிக்கும் மகன்கள் இருவரும் பந்தாடப் போய்விட்டார்கள். கடைசிச் செருப்புச் சத்தம் படியிறங்கியதும் தயாமணி கைத்தடியை ஊன்றி எழுந்தாள். குளியலறை கூடத்தை ஒட்டியே இருக்கிறது, தொலைக்காட்சிக்கு நேரெதிரே. உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், அது ஒரு சாண் திறந்துகொண்டது. தாழ்ப்பாள் வலப்பக்கம், உயரத்தில், துருப்பிடித்து இறுகியது. இரண்டு கையும் நன்றாக உள்ள நானே போராடித்தான் போட்டேன்.

கதவின் இடுக்கு வழியாக ஒரு முனகல் கேட்டது. அதை நான் அறிவேன். சித்திரை முதல் தேதியிலிருந்து என் தொண்டையில் இருந்த முனகல்.

ஆண்கள் மூவர் இருக்கும் கூடத்தில், தாழில்லாத கதவுக்குப் பின்னால் அவள் போகமாட்டாள். கேட்கவும் அவளுக்கு வாயில்லை. வீடு காலியாகும் இரண்டு மணி நேரத்துக்காக நாள் முழுதும் வைத்திருக்கிறாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என்னையும் அழைத்துக்கொண்டிருந்தாள். நானூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கிழவிகள் ஒரே இரண்டு மணி நேரத்துக்காக அடக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வெளியே வந்தவள் தொலைபேசி மேசையருகே நின்றாள். அதைப் பார்த்தாள். இடக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். நான் இங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். பத்தொன்பது நாட்களாக அழைக்காமல் இருப்பதை ஒரு வேலையாகச் செய்திருக்கிறாள். இரண்டாம் விளக்கம் சரி.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

28 மே, வியாழன்

லில்லியிடம் நேரடியாகச் சொன்னேன். சிறுநீரைப் பரிசோதிக்கவேண்டும், காய்ச்சலாக மாறும்வரை காத்திருக்கக் கூடாது, நான் காத்திருந்து பார்த்துவிட்டேன். அவள் முகம் சிறுத்தது. "நான் நல்லாத்தானே பாத்துக்கிறேன், பெரியம்மா?" என்றாள். பெரியம்மா என்றது அவளாகவே. பார்த்துக்கொள்கிறாய், ஆனால் கதவுக்குத் தாழ் இல்லை என்றேன். அவள் குளியலறைக் கதவைப் போய்ப் பார்த்தாள். தாழைத் தொட்டாள். திரும்பி வந்து அழுதாள். அழுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. பரிசோதனைக்கான புட்டியை எடுத்துத் தந்தேன்.

30 மே, சனி

கிருமி உண்டு. அதே இனம். ஏழு நாள் மாத்திரை. வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். குடிக்கிறாள், முறைத்துக்கொண்டு. பத்திலிருந்து பன்னிரண்டுவரை தாராளமாகப் போகிறாள். மற்ற நேரத்தில் தலையை அசைத்து மறுக்கிறாள். எட்வின் தச்சரைத் திங்களன்று வரச் சொல்லியிருக்கிறான்.

31 மே, ஞாயிறு

எல்லோரும் வீட்டில். கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நாட்களாக ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் எழுதியிருக்கவேண்டிய வாக்கியம். முடிவில் அதில் நான்கு சொற்களே மிஞ்சின.

"எட்வின், அவளை என்னோடு அனுப்பு" என்றேன்.

தொலைக்காட்சியின் சத்தத்தை அவன் குறைத்தான். அவனுக்கு நான் யாரென்று தெரியும். அவனிடம் அக்கா செல்லாது. ஊர் என்ன சொல்லும், அங்கே பிசியோதெரபி உண்டா, உங்களுக்கே இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் நியாயமானவை. அருகில் மருத்துவமனை உண்டு, முப்பிடாதி உண்டு என்று நானும் சொன்னேன். கடைசியில் அவன், "நான் என்ன டீச்சர் சொல்றது. அத்தை மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவங்களக் கேளுங்க" என்றான்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். பையன்கள்கூட ஆட்டத்தை விட்டுத் திரும்பினார்கள். நான் அவளைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டால் அதைத் திருத்த என்னிடம் சொல் இல்லை.

தயாமணி கைத்தடியை எடுத்தாள். எழுந்தாள். மூன்று ஆண்களும் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் நடுவே, பட்டப்பகல் வெளிச்சத்தில், குளியலறைக் கதவை நோக்கி ஓரடி வைத்து நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் இந்நேரத்தில் அவள் ஒருமுறையும் எழுந்ததில்லை. லில்லிக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து இழுத்து, பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கூடத்தைப் பார்த்து நின்றேன். எட்வின் எழுந்து, மகன்கள் இருவரையும் வாசல்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது என்னைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை கார் சொல்லிடறேன் டீச்சர், மாத்திரைய வழியில குடுத்துக்கலாம்" என்றான்.

உள்ளே நீர் விழும் சத்தம் வரவில்லை. பிறகு கொஞ்சம் வந்தது. நின்றது. வலிக்கிறது என்று அந்த இடைவெளியே சொல்லிற்று.

"மெதுவா இரு, தயா" என்றேன் கதவிடம். "நான் எங்கயும் போகல."